இன்லேண்ட் லெட்டரில் பற்று வரவு

பிளஸ் டூ படித்த வருஷம் எனக்குப் பரீட்சையைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. மார்க் வந்தால் இன்ஜினியரிங், வராவிட்டால் பி.எஸ்சி. என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பயமெல்லாம் காளீஸ்வரியைப் பற்றித்தான். ஒண்ணாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் இனி இருக்க மாட்டாள். அவள் இல்லாமல் பஸ் ஏறுவது, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது, வாத்தியார் எதையாவது உளறும்போது திரும்பிப் பார்க்க ஆள் இல்லாமல் இருப்பது, இதெல்லாம் எப்படி நடக்கும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

வீட்டில் சொல்லவும் முடியாது. "கல்யாணமாகி ஆளுக்கு ஒரு ஊருக்குப் போகப் போறவங்கதானே, இப்பவே பழகிக்கோ" என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளின் சிநேகிதத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். ஆண்கள் ஐம்பது வயதிலும் பள்ளிக்கூட நண்பனோடு டீக்கடை பெஞ்சில் உட்காரலாம். பெண்களுக்கு அது தாலி ஏறும்வரைக்கும் என்று எல்லோரும் சர்வ சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் சிநேகிதம் தாலியையும் தாண்டி வந்துவிட்டது. இன்னொருத்தியோடு எனக்கு இருந்தது கல்லூரியைக்கூடத் தாண்டவில்லை. மே மாதம் ரிசல்ட் வந்ததும் சொந்தத்தில் ஏதாவது ஒரு பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காரணம் கேட்டால் இந்தப் பயம்தான். அதற்காக, ஒன்று ஏன் நிலைத்தது, இன்னொன்று ஏன் நிலைக்கவில்லை என்று எனக்குப் புரிந்த அளவில் எழுதிவைக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில் இருக்கிறது. கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பெய்யாவிட்டால் தீப்பெட்டி. காளீஸ்வரி வீட்டில் எல்லோருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். அவள் அம்மா சாயங்காலம் ஆபீஸிலிருந்து அட்டை வாங்கிவந்து வீட்டில் பெட்டி ஒட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளும் உட்கார்ந்துவிடுவாள். அவளோடு பேச வேண்டும் என்றால் நானும் உட்கார வேண்டும், வேறு வழி கிடையாது. ஒரு பழைய தட்டில் மைதாப் பசை. அட்டையை மடிப்புக் கோட்டில் மடக்கி, விரல் நுனியால் ஒரே இழுப்பில் பசை தடவி, அழுத்தி, சுளகில், அதாவது முறத்தில், போட வேண்டும். பசை கூடினால் பெட்டி நனைந்து கோணிக்கொள்ளும். குறைந்தால் காய்ந்ததும் வாயைப் பிளக்கும். காளீஸ்வரி பெட்டியைப் பார்க்காமலே ஒட்டுவாள். நான் ஒட்டியதில் பாதியை அவள் அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் திரும்ப ஒட்டுவார்.

நாங்கள் பேசியதெல்லாம் அந்தச் சுளகைச் சுற்றித்தான். எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லு, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்ட ஞாபகமே இல்லை. கை ஒரு வேலையில் இருக்கும், பேச்சு தன்பாட்டுக்கு வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

2007-ல் பிளஸ் டூ முடித்தோம். இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்த்த முதல் வருஷம் அது. கோச்சிங் போக வசதி இல்லாத எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது பெரிய விஷயம். நானும் அப்பாவும் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங்குக்குக் காத்திருந்து, மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் வாங்கி வந்தோம். ஃபீஸுக்கு பேங்க் லோன். அதே வருஷம்தான் ஐம்பது காசுத் தீப்பெட்டி ஒரு ரூபாய் ஆனது. அதற்காகப் பெட்டி ஒட்டுகிற கூலி இரட்டிப்பாகிவிடவில்லை. காளீஸ்வரி வீட்டில் அக்கா கல்யாணக் கடன் வேறு இருந்தது. என்னைவிடக் கூடுதல் மார்க் வாங்கியவளை ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஏஜென்டுகள் வருவார்கள். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம், இடத்தைப் பொறுத்து. இடையில் விலகினால் அது கிடைக்காது. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கோடையில் எனக்கு இருந்த பயம் ஒன்று இல்லை, மூன்று. அப்போது எல்லாம் ஒரே கலவையாக வயிற்றைப் பிசைந்தது. அவளுக்கு அங்கே வேறு சிநேகிதி கிடைத்துவிடுவாள் என்பது முதல் பயம். நான் அவளுக்குப் புரியாத ஆளாகிவிடுவேன் என்பது இரண்டாவது. மூன்றாவதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை: அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற கூச்சம். பிரிகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, எது உன் பயம் என்று பிரித்துப் பார் என்பதுதான். முதல் பயம் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகத் தீர்ந்துவிடும். மூன்றாவது தீராது, அதற்கு வேலை செய்ய வேண்டும். "அவ மாறிட்டா, முன்ன மாதிரி பேச மாட்டேங்கா" என்று சொல்லிக்கொள்கிற பல இடங்களில் உள்ளே இருப்பது இந்தக் கூச்சம்தான்.

பள்ளிக்கூடத்துப் பிரிவு உபசார விழாவில் தமிழாசிரியர் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைச் சொன்னார். பார்க்காமலே வளர்ந்த நட்பு, வடக்கிருந்து உயிர்விட்ட அரசனுக்காக நடந்தே வந்து சேர்ந்த புலவர். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காளீஸ்வரி என் காதில் சொன்னாள்: "ஏட்டி, அவங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போனவங்களா? பாக்காம பழகுனவங்களுக்குப் பாக்காம இருக்குறது கஷ்டமா என்ன?"

அவள் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். சின்ன வயது சிநேகிதம் தினமும் பார்த்துப் பார்த்து வளர்ந்தது. அதனிடம் போய் 'மனசு ஒன்றாக இருந்தால் தூரம் பெரிதில்லை' என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கேன்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் மணிக்கணக்கே போட்டிருக்கிறார். ஓரளவு பழக்கமாக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தால் இந்த 200 மணி நேரம் இரண்டு மாதத்தில் ஓடிவிடும். வேலைக்குப் போகிற இரண்டு பேர் மாதம் ஒரு சாயங்காலம் சந்தித்து அதைச் சேர்க்க வருஷக்கணக்காகும். வளர்ந்த பிறகு நெருக்கமான நட்பு அமைவது ஏன் கஷ்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. சின்ன வயதில் சேர்த்த மணிநேரத்தை அதனால்தான் சும்மா விட்டுவிடக் கூடாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் காளீஸ்வரி என்னிடம் 'மறந்துவிடாதே' என்று சொல்லவில்லை. ஆட்டோகிராஃப் நோட்டில்கூடப் பெயரை மட்டும்தான் எழுதினாள். அவள் கேட்டது வேறு: "எனக்குத் தபால்ல பி.காம் போட்டு விடு. புஸ்தகம் உன் அட்ரஸுக்கு வரட்டும். அங்க வந்தா என்ன ஆகுமோ தெரியாது." நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் சேர்த்தோம். நாங்கள் இருவரும் பள்ளியில் கணினி குரூப். கணக்குப்பதிவியல் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மில் ஹாஸ்டலில் ஒரே ஒரு போன், அதுவும் வார்டன் அறையில். வீட்டிலிருந்து கூப்பிட்டால் மட்டும் தருவார்கள், தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்கள். என் கல்லூரியில் எல்லோரும் எஸ்எம்எஸ் பேக் போட்டு விடிய விடிய டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டரை ரூபாய் இன்லேண்ட் லெட்டர்தான். அதையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் முதல் கடிதங்கள் எல்லாம் 'நலம், நலமறிய ஆவல், இங்கு சாப்பாடு நன்றாக இருக்கிறது' என்று வார்டனுக்கு எழுதியது போலவே இருக்கும். எனக்கும் எழுத ஒன்றும் வராது. கல்லூரி கலைவிழாவைப் பற்றியா எழுதுவது?

அப்புறம் ஒரு கடிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் எண்களோடு ஒரு ரொக்கக் கணக்கு வந்தது. கீழே கேள்வி: காசு உள்ளே வருகிறது, அப்படியென்றால் வரவுதானே, புத்தகத்தில் ஏன் பற்று என்று போட்டிருக்கிறான்? எனக்கும் விளங்கவில்லை. என் ரூம்மேட் தேனிக்காரி. அவள் அக்கா பி.காம் முடித்தவர். அந்த அக்காவிடம் போனில் கேட்டு, நான் புரிந்துகொண்டு, திரும்ப ஒரு இன்லேண்டில் கோடு போட்டு அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் அவள் போட்ட கணக்கு வந்தது. நான் திருத்த வேண்டும். திருத்த வேண்டுமானால் நான் படிக்க வேண்டும். அப்படியே பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்று போய்க்கொண்டிருந்தது. எண்களாக இருந்ததால் வார்டனும் அலட்டிக்கொள்ளவில்லை. கணக்குகளுக்கு நடுவே ஓரிரு வரியில் அவள் உண்மையான விஷயத்தைச் சொருகிவிடுவாள். இரவு ஷிப்டில் சைடு பார்க்கிறது (நூற்பு மெஷினின் ஒரு பக்கத்தைக் கவனிக்கிற வேலை) கஷ்டமாக இருக்கிறது, அறுந்த நூலை ஒட்டி ஒட்டி விரல் தோல் உரிகிறது, பஞ்சு மூக்கில் ஏறி இருமல் நிற்கவில்லை என்று.

நட்பைக் காப்பாற்ற 'டச்சில் இருக்க வேண்டும்' என்கிறார்கள். வெறும் டச்சில் எங்களுக்கு ஒன்றும் நிலைத்திருக்காது. சுளகு போனது, அந்த இடத்துக்கு இன்னொரு சுளகு வேண்டியிருந்தது, பி.காம் வந்து உட்கார்ந்தது. பிரிகிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பொது வேலை இருக்க வேண்டும். உருப்படியான வேலையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே போட்டித் தேர்வுக்குப் படிப்பது, சேர்ந்து சீட்டுப் போடுவது, ஊர்க் கோயில் கொடைக்குச் சேர்ந்து ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்வது, எதுவானாலும். உளவியல் ஆய்வாளர்கள் ராபின் டன்பரும் சாம் ராபர்ட்ஸும் பள்ளி முடித்துப் பிரிந்த பிள்ளைகளை ஒன்றரை வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பெண்களின் நட்பைப் பேச்சும், ஆண்களின் நட்பைச் சேர்ந்து செய்யும் காரியங்களும் அதிகம் தாங்குகின்றன என்பது அவர்கள் கண்டது. இருக்கலாம். பேசவே விடாத இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு அது பொருந்தாது.

தேனிக்காரி இதற்குள் வந்ததால் இன்னொரு நல்லதும் நடந்தது. எனக்குப் புது சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்பது காளீஸ்வரிக்கு ஒளிக்கிற விஷயமாக இல்லை. "உன் தேனிக்காரி அக்காவுக்குத் தேய்மானத்துக்காக ஒரு கும்பிடு" என்று எழுதுவாள். புது சிநேகிதியைப் பழையவளிடமிருந்து மறைத்து வைப்பதும், இரண்டு பேரையும் ஒரு நாள் கட்டாயமாக ஒன்றாக உட்கார வைத்துப் பழகச் சொல்வதும் இரண்டுமே சரிப்படாது. ஒருத்தியின் வேலைக்கு இன்னொருத்தி உதவினால் போதும், பொறாமை அதுவாகவே வடிந்துவிடும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் காளீஸ்வரி வீட்டுக்குப் போவேன். அவள் இருக்க மாட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட மில்லில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்காது. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிவிட்டு வருவேன். பிள்ளைகளிடம் நான் அடித்துச் சொல்கிற ஒரு விஷயம் இது. சிநேகிதி ஊரில் இல்லாதபோதும் அவள் வீட்டுக்குப் போ. அவள் அம்மாவுக்கு உன்னைத் தெரிந்திருக்கும்வரை அவளை நீ தொலைக்க முடியாது. நம்பர் மாறும், முகவரி மாறும், ஃபேஸ்புக் கணக்கு முடங்கும். அம்மாவிடம் எப்போதும் புது நம்பர் இருக்கும்.

ஜெயந்தியின் விஷயம் வேறு. எங்கள் மூன்றாவது ஆள் அவள். அவளுக்கு என் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது, என் ஹாஸ்டலுக்கு அடுத்த பிளாக். அப்போது எல்லோரும் சொன்னார்கள், உங்கள் இருவருக்கும் கவலையே இல்லை என்று. ஒரு வருஷம் தாண்டவில்லை. சண்டை எதுவும் கிடையாது. மெஸ்ஸில் பார்த்தால் பள்ளிக்கூடக் கதைகளைப் பேசுவோம். அதே கதைகள். கெமிஸ்ட்ரி லேபில் நடந்தது, ஆண்டு விழாவில் மைக் பிடித்துக்கொண்டது. கதை தீர்ந்தது, சிரிப்பும் தீர்ந்தது. அவளுடைய புது வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இதில் யார் மேலும் குற்றம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் இருவருக்கும் காளீஸ்வரிதான் நடுவில் இருந்திருக்கிறாள். இப்போது கல்யாண வீடுகளில் பார்த்தால் சந்தோஷமாகப் பேசிக்கொள்வோம், அதுவே போதும். எல்லா நட்பையும் தூக்கிச் சுமந்து கரைசேர்க்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. டன்பரின் கணக்கிலேயே ஒருவருடைய மிக நெருங்கிய வட்டத்தில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், அதில் வீட்டு ஆட்களும் அடக்கம்.

மூன்று வருஷம் முடித்துக் காளீஸ்வரி வெளியே வந்தாள். பரீட்சை எழுத லீவு கிடைக்காமல் தேங்கிய பேப்பர்களையெல்லாம் சேர்த்து எழுதித் தள்ளினாள். மில் பணத்தை வாங்கிய வீட்டார் கல்யாணம் என்று ஆரம்பித்தபோது, டிகிரி வந்த பிறகு என்று நின்றுவிட்டாள். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. அவள் அம்மா அட்டை வாங்க வரிசையில் நின்ற மாதிரியான இடத்தில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

நான் அப்போது சென்னையில் ஐடி வேலைக்கு வந்துவிட்டேன். பணம் நடுவில் வந்து உட்கார்ந்தது இந்தக் கட்டத்தில்தான். ஊருக்குப் போனால் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் நானே பில் கொடுப்பேன். அவள் இரண்டு முறை பார்த்தாள், மூன்றாம் முறை "வயிறு சரியில்ல" என்று வரவில்லை. பிறகு அவள்தான் வழக்கத்தை மாற்றினாள். செண்பகவல்லியம்மன் கோயில் பிரகாரத்தில் உட்காருவது, வெளியே வந்து கடலைமிட்டாய் வாங்குவது, அதை அவள் வாங்குவாள். 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது "பாத்தியா, நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது சாதாரண மிட்டாய் இல்ல" என்று மெசேஜ் போட்டாள். இரண்டு பேரில் குறைவாகச் சம்பாதிக்கிறவர் கைக்கு அடங்கும் இடத்தில் சந்திக்க வேண்டும், அவர் கொடுக்கும்போது தடுக்கக் கூடாது. இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டே இருக்கிறவர் ஒரு நாள் வராமல் நின்றுவிடுவார்.

கல்யாணம் இதைவிடப் பெரிய தடை. அவளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். புது மருமகளின் போன் முதல் வருஷம் அவள் கையில் இருக்காது. இருந்தாலும் பேச நேரம் இருக்காது. முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது நான் நேராக அடுப்படிக்குப் போய் அவள் மாமியாரோடு பூண்டு உரித்தேன். எங்கள் இருவருக்கும் தனியாகப் பேச ஆசைதான், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற சிநேகிதியை எந்த மாமியாரும் இரண்டாம் தடவை எதிர்பார்க்க மாட்டார். அடுத்த தடவை என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன். வளைகாப்புக்கு, பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தியதற்கு எல்லாம் என் பெயருக்குப் பத்திரிகை வந்தது. ஒரு பெண்ணின் சிநேகிதம் அவள் புகுந்த வீட்டின் சிநேகிதமாக ஆகிவிட்டால்தான் இங்கே அதற்கு ஆயுசு. நியாயமா என்று கேட்டால் இல்லை. நியாயத்துக்காகக் காத்திருந்தால் சிநேகிதம் போய்விடும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பள்ளி மாறுகிற, ஊர் மாறுகிற பிள்ளை அழும்போது "அங்க புது ஃப்ரெண்ட் கிடைப்பா" என்று சொல்வதை விடுங்கள். இருக்கிற சிநேகிதியின் அம்மா நம்பரை வாங்கிவையுங்கள், அடுத்த லீவில் எந்த வாரம், யார் வீடு என்று இப்போதே பேசுங்கள். பிள்ளைக்குத் தேதி வேண்டும், சமாதானம் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பை நம்பி விடாதீர்கள். எங்கள் பள்ளி பேட்ச் குரூப்பில் காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும்தான் ஓடுகின்றன.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்கிற தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். எது கை, எது மெஷின் என்று ஆபீஸ்காரர்கள் எல்லோரும் குழம்பியபோது காளீஸ்வரி ராத்திரி பகலாக உட்கார்ந்து அதைப் படித்தாள். என்னைப் போனில் கூப்பிட்டு எக்செல் கேட்டாள், நான் அவளிடம் வரி கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது வேலையை விட்டுவிட்டு, சாத்தூரில் வீட்டு முன்னறையிலேயே நாலைந்து கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கணக்குப் பார்க்கிறாள். ஜூலை மாதக் கடைசியில் அவளைப் போனில் பிடிக்க முடியாது, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிற சமயம். கம்பெனி கொடுக்கிற சம்பளச் சான்றான ஃபார்ம் 16-ஐ வைத்து என் கணக்கையும் அவள்தான் தாக்கல் செய்கிறாள். அதற்கு ஃபீஸ் வாங்குகிறாள், மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. போன வருஷம் கூட்டிவிட்டாள். கேட்டதற்கு, "ஐடி கம்பெனில உனக்கு இன்கிரிமென்ட் போட்டாங்கல்ல, நான்தானே ஃபார்ம் சிக்ஸ்டீன் பாத்தேன்" என்றாள்.